பத்து நிமிடத்துக்கு ஒரு பேரம்

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு மனசாட்சியின் விலை ஒரு கைக்குட்டை. எட்டாம் வகுப்பு வரை வெறும் வெள்ளை போதும். அதற்கு மேல் ஓரம் தைத்தது கேட்டார்கள். பத்தாம் வகுப்பில் இரண்டு கேட்டவனும் உண்டு. ஒன்று தங்கைக்காம். அவனுக்குத் தங்கையே கிடையாது என்பது மாணவர் பேரவைத் தேர்தல் முடிந்த பிறகுதான் தெரிந்தது.

கைக்குட்டைகளை வழங்கியது கடைவீதி ஜவுளிக்கடைக்காரரின் மகள். கடையில் வேலை செய்பவர்கள் அவளைச் சின்ன முதலாளி என்று கூப்பிடப்போக, அந்தப் பெயர் அவளுக்கு முன்னால் நடந்து போய்ப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்துகொண்டது. கைக்குட்டைகள் அப்பாவின் கட்பீஸ் மூட்டையிலிருந்து வந்தவை. விற்காத துணி வாக்காக மாறுவதைப் பார்த்து, இத்தனை வருஷம் இப்படி ஒரு சந்தை இருப்பது தெரியாமல் போயிற்றே என்று அவர் கொஞ்சம் வருத்தப்பட்டார்.

எதிர்த்து நின்றவன் நூலகரின் மகன். யார் எதைச் சொன்னாலும் கடைசியில் "ஆனா ஒண்ணு" என்று ஒரு வரி சேர்ப்பான். அதனால் அடிக்குறிப்பு என்று பெயர். அவன் யாருக்கும் எதுவும் தரவில்லை. மாணவர் பேரவை என்பது எதற்கு, அதனால் என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது என்று மேடையில் விளக்கினான். செய்ய முடியாதது என்ன என்ற பகுதி நீளமாக இருந்தது. இரண்டாவதாக வந்தவர் செயலாளர் என்பது விதி. ஆகவே சின்ன முதலாளி தலைவி, அடிக்குறிப்பு செயலாளன்.

பேரவை அந்தப் பள்ளிக்குப் புதிது. தலைமையாசிரியை முன்பு கணக்கு டீச்சர். இப்போதும் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தார். காலை வணக்கத்தில் அவர் பேச்சு மூன்று வரிதான்.

"ஒரு பருவம் தர்றேன். என்ன வேணுமோ நீங்களே வந்து எங்கிட்டப் பேசணும். உங்களுக்காக ஒரு அப்பாவோ அம்மாவோ என் ரூமுக்கு வந்து நின்னா, அன்னைக்கே பேரவையை மூடிடுவேன்."

முதல் கூட்டம் உயிரியல் ஆய்வுக்கூடத்தில் நடந்தது. வேறு அறை காலி இல்லை. வகுப்புக்கு ஒரு பிரதிநிதி, தலைவி, செயலாளன், மூலையில் ஒரு எலும்புக்கூடு. குறுக்கே பேசாத ஒரே ஆள் அதுதான்.

ஆறாம் வகுப்புப் பிரதிநிதி ஒரு பொடிப்பெண். கூட்டம் தொடங்கியதும் பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துத் திறந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

"இங்க மீட்டிங் நடக்குது" என்றான் அடிக்குறிப்பு.

அவள் கையைத் தூக்கி, மென்று, விழுங்கி, பிறகு சொன்னாள். "இப்பதாண்ணா நேரம் கிடைச்சுது."

விஷயம் அதுதான். மதிய இடைவேளை அரைமணி. ஆறாம் வகுப்பு மூன்றாம் மாடியில். இறங்கி வருவதற்குள் பெரிய வகுப்புகள் குழாயடியை வளைத்துவிடும். ஆறு குழாய், தண்ணீர் வருவது நாலில். கை கழுவி, இடம் பிடித்து, டப்பாவைத் திறந்தால் மணி அடித்துவிடும். மூடிக்கொண்டு மூன்று மாடி ஏற வேண்டும். சாயங்காலம் பாதி டப்பாவோடு வீட்டுக்குப் போனால், சமையலைக் குறை சொல்கிறாயா என்று அங்கே ஒரு திட்டு. ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் இதையே சொன்னார்கள், மாடி மட்டும் வேறு.

"எவ்வளவு இருந்தா போதும்?" என்று கேட்டாள் சின்ன முதலாளி.

"பத்து நிமிஷம்" என்றது பொடி. "அதுக்கு மேல இருந்தா பசங்க அடிச்சுக்குவாங்க."

தீர்மானம் நிறைவேறியது: மதிய இடைவேளைக்குப் பத்து நிமிடம் கூடுதலாக வேண்டும். ஒருவரும் எதிர்க்கவில்லை. இந்தத் தீர்மானத்தை அப்படியே கொண்டுபோய்த் தலைமையாசிரியையின் மேசையில் வைத்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். தலைவி வழியில் கடைக்குப் போனாள்.

அப்பா திரைச்சீலைத் துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு எவ்வளவு வேணும்?"

"பத்து நிமிஷம்ப்பா."

"எவ்வளவு கேக்கப் போற?"

"பத்து நிமிஷம்."

அவர் மடிப்பதை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார். அளக்காத துணியில் கத்தரியை வைத்துவிட்டவளைப் பார்ப்பது போல இருந்தது.

"பத்து கேட்டா அஞ்சு வரும். உனக்கு யாரும்மா கணக்குச் சொல்லிக்கொடுத்தது? ஒரு மணி நேரம் கேளு. கூடவே மூணு ஐட்டம் சேர்த்துக்க. அவங்க ஒவ்வொண்ணா வெட்டுவாங்க. வெட்டற சந்தோஷம் அவங்களுக்கு, பத்து நிமிஷம் நமக்கு."

"எதுக்குமே மசியலேன்னா?"

பதில் சொல்ல அவருக்கு அவகாசம் இல்லை. அதே துணிக்காக வெகுநேரமாகப் பேரம் பேசிக்கொண்டிருந்த ஒரு மனிதர் மறுபடி வந்து கல்லாவில் சாய்ந்தார். இதே துணி எதிர்க்கடையில் சல்லிசு என்றார். அப்பா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. துணியை அப்படியே தூக்கி அந்த மனிதரின் கைகளில் போட்டார்.

"எடுத்துட்டுப் போங்க சார். காசே வேண்டாம். ஒரு துணியாலயா நமக்குள்ள மனஸ்தாபம்?"

அந்த மனிதர் கூசிப்போய்விட்டார். "அட, என்னங்க இது, நான் அப்படிச் சொல்வேனா" என்று பணத்தை எடுத்தார். கேட்ட விலையே கொடுத்தார். போகும்போது வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

"பாத்தியா?" என்றார் அப்பா. "இத்தனை வருஷத்துல இந்த வார்த்தையை நம்பி ஒருத்தன் எடுத்துட்டுப் போனதில்லை. அதுக்கும் அசையலையா, எழுந்து நடந்துடு. வாசப்படி தாண்டறவங்களைத் திரும்பக் கூப்பிடாத கடை உலகத்துல கிடையாது."

மறுநாள் தலைவியும் செயலாளனும் தலைமையாசிரியையின் அறைக்குப் போனார்கள்.

இந்த அம்மாளைப் பற்றி ஒரு விஷயத்தைச் சின்ன முதலாளி விசாரித்திருக்க வேண்டும். வாழ்க்கையில் அவர் ஒருமுறை கூடப் பேரம் பேசியதில்லை. கடைக்குள் நுழைந்து விலை கேட்பார். கட்டுப்படியானால் வாங்குவார், இல்லையென்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுவார். நன்றி சொல்லும் வாடிக்கையாளரைக் கண்டால் கடைவீதிக்கே பயம்.

"மதிய இடைவேளை ஒரு மணி நேரமாகணும் மேடம்" என்று தொடங்கினாள் தலைவி.

பக்கத்தில் அடிக்குறிப்பின் பேனா நின்றுவிட்டது.

"முடியாது" என்றார் தலைமையாசிரியை. "அடுத்தது?"

அவள் காத்திருந்தாள். ஒரு மணி முடியாது என்றால் முக்கால் என்று ஒரு வார்த்தை வர வேண்டும். வரவில்லை. அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை வீட்டுப்பாடம் கூடாது."

"கூடாதுங்கறது கூடாது. அடுத்தது?"

"பரிட்சைக்கு முந்தின வாரம் முழுக்க லீவு."

"இல்லை."

"வகுப்புக்கு ரெண்டு மின்விசிறி."

"ஒண்ணு ஓடுது. அடுத்தது?"

நாலு ஐட்டமும் போய்விட்டன. சரக்கு தீர்ந்த கடை மாதிரி நின்றாள். அடிக்குறிப்பு மெதுவாக, "ஆனா ஒண்ணு, மேடம்" என்று ஆரம்பித்தான். அவனை முழுசாகப் பேசவிட்டிருக்கலாம். ஆனால் அவளுக்குள் மூன்று தலைமுறை வியாபாரம் விழித்துக்கொண்டது. கையை விரித்தாள்.

"ஒண்ணுமே வேண்டாம் மேடம். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, நாங்க காலைல அரைமணி முன்னாடியே ஸ்கூலுக்கு வந்துடறோம். இடைவேளையாலயா நமக்குள்ள மனஸ்தாபம்?"

தலைமையாசிரியை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளை முதல் முறையாகச் சரியாகப் பார்த்தார். குரல் இளகியிருந்தது.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல எந்தப் பிள்ளையும் இப்படிக் கேட்டதில்லைம்மா. அரைமணியா? திங்கட்கிழமையே ஆரம்பிச்சுடலாம். இப்பவே சுற்றறிக்கை போடச் சொல்றேன்."

சின்ன முதலாளிக்கு மிச்சமிருந்தது ஒரே ஆயுதம். திரும்பி நடந்தாள். வாசலைத் தாண்டினாள். தாழ்வாரத்தில் வேகத்தைக் குறைத்தாள். ஓர் அறிவிப்புப் பலகையை வாசிப்பது போல நின்றாள். அது போன வருஷத்து விளையாட்டு விழா அறிவிப்பு. இரண்டு முறை வாசித்தாள். அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"தம்பி, போகும்போது கதவைச் சாத்திட்டுப் போப்பா."

அடிக்குறிப்பு மரியாதையாகக் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடமே கொட்டாவியோடு வந்தது. சுற்றறிக்கையில் 'மாணவர் பேரவையின் வேண்டுகோளுக்கிணங்க' என்று முதல் வரியிலேயே இருந்தது. கைக்குட்டை வாங்கியவர்கள் அதைத் திருப்பி அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள்; சிலர் துவைத்துக் கொடுத்தார்கள், சிலர் அந்த மரியாதையும் பார்க்கவில்லை. பஸ் டிரைவர் அவளைப் பார்த்து, "வாம்மா, சூரியனுக்கு முன்னாடியே வந்துட்ட" என்றார். ஓவிய ஆசிரியர் மாடிப்படியில் வழிமறித்தார்.

"அம்மா, நான் உனக்கு எழுபது மார்க்குக் கீழ போட்டிருக்கேனா?"

"இல்ல சார்."

"அப்புறம் என் தூக்கம் என்னம்மா பண்ணுச்சு உன்னை?"

வீட்டில் அம்மா வேறு. விடியலுக்கு முன்னே எழுந்து சமைத்தவள், கணவனுக்கும் மகளுக்கும் சேர்த்து ஒரே பேச்சாகப் பேசினாள். "உங்க சாமர்த்தியத்தை எல்லாம் கடையோட வெச்சுக்குங்க. வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க. நான் என்ன உங்க எதிர்க்கடையா?"

"நான் வேணா போய் அந்தம்மாகிட்டப் பேசிப் பாக்கவா?" என்றார் அப்பா. "ஒரு சட்டைத்துணி, ஒரு நல்ல வார்த்தை..."

"நீங்க வந்தா பேரவை காலிப்பா."

"சரி, அப்ப நீயே போய் அரைமணியைத் திருப்பிக் கேட்டுடேன்."

அவள் அவரைப் பார்த்தாள். சொல்லி முடிக்கும்போதே அவருக்கும் தெரிந்துவிட்டது. எடுத்துட்டுப் போங்க என்று சொல்லி, ஒருத்தன் எடுத்துக்கொண்டும் போய்விட்டால், தெருவில் துரத்திப்போய்ப் பிடுங்க முடியாது. அதற்கப்புறம் கடைவீதியில் எந்த வார்த்தைக்கும் மதிப்பிருக்காது. அப்பா பேச்சை மாற்றி, சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றார். அம்மா அதையும் நம்பவில்லை.

புதன்கிழமை உயிரியல் ஆய்வுக்கூடத்தில் அவசரக் கூட்டம். தலைவி மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம். கொண்டுவந்தவன் அடிக்குறிப்பு. படிக்கும்போது அவனுக்கே கொஞ்சம் சங்கடமாக இருந்தது. எலும்புக்கூட்டைப் பார்த்துப் படித்தான்.

"நான் எல்லாருக்காகவும்தான் பேசினேன்" என்றாள் சின்ன முதலாளி. "பேரம்னா ஏத்திச் சொல்லணும். அவங்க இறங்கி வரணும். அவங்களுக்குப் பேரம் பேசத் தெரியாதது என் தப்பா?"

ஆறாம் வகுப்புப் பிரதிநிதி கையைத் தூக்கினாள். வாய் நிறையச் சாப்பாடு. எல்லோரும் காத்திருந்தார்கள். விழுங்கினாள், ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள்.

"அக்கா, பத்து நிமிஷம் வேணும்னு அவங்ககிட்டச் சொன்னீங்களா?"

"ஒரு மணி நேரம்னு சொன்னேன்."

"அது எங்களுக்கு வேண்டாமே. எங்களுக்கு வேணுங்கறதைச் சொன்னீங்களா?"

சின்ன முதலாளி தான் கேட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். உண்மைதான். அந்த அறைக்குள் எல்லாம் போய் வந்தது. இவர்கள் கேட்கச் சொன்ன ஒன்று மட்டும் போகவே இல்லை. அவள் காதுமடல் சிவந்தது.

"சொல்லல" என்றாள்.

யாரும் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. திட்டினால் பதில் பேசலாம்.

"சரி, இப்ப போய்ச் சொல்லலாம்" என்றான் எட்டாம் வகுப்புப் பிரதிநிதி.

"இப்ப போனா முடியாதுன்னு ஒரே வார்த்தைல அனுப்பிடுவாங்க" என்றாள் அவள். "குடுக்கறதுக்கு எங்கிட்ட இனிமே ஒண்ணும் இல்ல."

"ஆனா ஒண்ணு" என்றான் அடிக்குறிப்பு. முதல் முறையாக எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள். "அவங்க கணக்கு டீச்சர். சொன்னா நம்ப மாட்டாங்க. போட்டுப் பாத்தா நம்புவாங்க."

நம்பிக்கையில்லாத் தீர்மானம் தள்ளிவைக்கப்பட்டது. தலைவி இனி அந்த அறையில் உண்மையான எண்ணைத் தவிர வேறு எதுவும் பேசக் கூடாது என்று ஒரு திருத்தம் மட்டும் நிறைவேறியது.

மறுநாள் தலைமையாசிரியையிடம் பேரவை ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தது: நாளைக்கு மதியம் மேடம் ஆறாம் வகுப்போடு சாப்பிட வேண்டும். மூன்றாம் மாடியிலிருந்து, மணி அடித்ததும், அவர்களோடேயே. அவ்வளவுதானா என்று கேட்டார். அவ்வளவுதான் என்றாள் சின்ன முதலாளி. கூட ஏதோ சேர்க்க வாய் துடித்தது. அடக்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மணி அடித்தபோது தலைமையாசிரியை மூன்றாம் மாடியில் தன் டப்பாவோடு நின்றார். படியில் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். குழாயடிக்குப் போனபோது பெரிய வகுப்புகள் நின்றிருந்தன. அவரைக் கண்டதும் வரிசை பயந்துபோய் இரண்டாகப் பிளந்தது.

"யாரும் வழி விடக் கூடாது" என்றாள் பொடி. பயமே இல்லாத குரல். பசிக்கிற குரல். "மேடம் ஆறாம் வகுப்பு. நம்ம வரிசை கடைசி."

வரிசை மறுபடி சேர்ந்துகொண்டது. தலைமையாசிரியை கடைசியில் நின்றார். முன்னால் நின்ற ஒன்பதாம் வகுப்புக்காரன் நிதானமாக முகம் கழுவினான், தலைமுடியை ஈரமாக்கிச் சரிசெய்தான், பின்னால் நிற்பவர் யாரென்று தெரியாமல், "தள்ளாத, வரேன்ல" என்றான். அவர் தள்ளவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

உட்கார இடம் கிடைத்து, டப்பாவைத் திறந்து, ஒரு வாய் எடுத்தார். மணி அடித்தது. அவரைச் சுற்றி மூடிகள் படபடவென்று சாத்திக்கொண்டன. எழுதிவைத்தது போல எல்லாரும் எழுந்தார்கள். அவர் மட்டும் கையில் எடுத்த கவளத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"மேடம், லேட்டாப் போனா வெளிய நிக்க வெப்பாங்க" என்று ஞாபகப்படுத்தினாள் பொடி. அந்த விதியை எழுதியவர் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தார்.

அடுத்தது பத்தாம் வகுப்புக்குக் கணக்கு. முக்கோணத்தின் மூன்றாம் பக்கத்தைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கும்போது அவர் வயிறு ஒரு சத்தம் போட்டது. வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. கடைசி வரிசையில் இரண்டு பேர் மேசைக்குக் கீழே போய் எதையோ தேடினார்கள். அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். அந்த வகுப்பிலேயே இருந்த சின்ன முதலாளியையும் அடிக்குறிப்பையும் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார்.

"எவ்வளவு வேணும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் அவள் ரத்தத்தில் இருந்தது. முப்பது என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அடிக்குறிப்பு அவள் காலை மிதித்தான்.

"பத்து நிமிஷம், மேடம்."

"பத்து பத்தாது. நான் நேரம் பாத்தேன். பதினஞ்சு வேணும்."

சின்ன முதலாளி திகைத்துப்போனாள். வாங்க வந்தவரே விலையை ஏற்றுவதை அவள் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. எதிராளி ஒரு எண்ணைச் சொன்னால் மறுத்துப் பேச வேண்டும், அது ஒன்றுதான் அவளுக்குத் தெரியும்.

"இல்ல மேடம், பத்தே போதும். பிள்ளைங்க அதைத்தான் கேட்டாங்க."

"பதினஞ்சு."

"பத்து, மேடம். நாங்க ஏத்திச் சொல்ல மாட்டோம்."

அடிக்குறிப்பு மறுபடி மிதித்தான். இந்த முறை காரணம் வேறு, அவள் கவனிக்கவில்லை.

தலைமையாசிரியை யோசித்தார். அவர் முகத்தில் ஒரு புது ருசி தெரிந்தது. "சரி, உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். பன்னெண்டு."

"பன்னெண்டு" என்றாள் சின்ன முதலாளி, வெற்றியோடு.

"காலைல வாங்கின அரைமணிலேர்ந்து எடுத்துக்கறேன். மிச்சம் எங்கிட்ட இருக்கட்டும். அதுக்கு என்ன வேணும்னு பேரவை கூடிப் பேசிட்டு வாங்க. அடுத்த பருவமும் பேரவை இருக்கும்." உள்ளே போகத் திரும்பியவர் நின்றார். "அந்த ரெண்டு குழாயைப் பத்தி ஏன் யாரும் சொல்லல?"

"அது கிடைக்காதுன்னு, கேக்கறதுக்கு முன்னாடி நாங்களே பேரத்துல இறங்கிட்டோம் மேடம்" என்றான் அடிக்குறிப்பு.

அவர் போனதும் அவன் அவளைப் பார்த்தான். "அவங்க பதினஞ்சு தந்தாங்க. நீ பேசிப் பேசி மூணு நிமிஷத்தைக் குறைச்சிருக்க."

அவள் அப்போதுதான் யோசித்தாள். முகம் மெல்ல மாறியது.

சாயங்காலம் கடையில் அப்பா கேட்டார். "எவ்வளவு கேட்ட?"

"பத்து."

"எவ்வளவு கிடைச்சுது?"

"பன்னெண்டு."

அவர் முழக்கோலைக் கீழே வைத்தார். கேட்ட விலைக்கு மேலே போட்டுக் கொடுக்கும் ஒரு ஆத்மா இந்த ஊரிலேயே இருந்துகொண்டு, இதுவரை தன் கடைக்கு வரவில்லை.

"அந்தம்மாவுக்குத் திரைச்சீலை எதாவது வேணுமான்னு நாசூக்காக் கேளேன்" என்றார்.

திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்துக் கரும்பலகையில் அடிக்குறிப்பு கணக்கை எழுதினான். பொடி கீழே அமர்ந்து கவனித்தாள். அவள் கையில் டப்பா இல்லை, சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாள். குழாய்களை வரவில் சேர்க்கலாமா என்று விவாதம் வந்தது. தண்ணீர் வந்த பிறகு சேர்க்கலாம் என்று முடிவானது. ஓவிய ஆசிரியர் வாசலில் நின்று, தன் தூக்கம் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று கேட்டார். அவர் கணக்கு பேரவைக்குக் கீழே வராது என்று பணிவாகச் சொல்லி அனுப்பினார்கள். கரும்பலகையில் நின்றது இவ்வளவு:

பேரவை கொடுத்தது: காலையில் முப்பது நிமிடம்.
பேரவைக்கு வந்தது: மதியம் பன்னிரண்டு நிமிடம்.
தலைவி பேசிக் குறைத்தது: மூன்று நிமிடம். அவர் மன்னிப்புக் கேட்டதால் தள்ளுபடி.
தலைமையாசிரியை தர வேண்டியது: பதினெட்டு நிமிடம். வட்டி இன்னும் பேசவில்லை.